பின்னால் கட்டிய கைகள்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த சிஸ்டர் முதலில் செய்கிற வேலை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொள்வதுதான். நோயாளி இருக்கிற வீடென்றால் கட்டாயம் கட்டிக்கொள்வார். நர்ஸ் என்று ஒருத்தி வந்தால் நாடி பிடிப்பாள், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், ஒன்றுமில்லாவிட்டாலும் கலைந்து கிடக்கிற போர்வையையாவது இழுத்து விடுவாள். இவர் நிற்பார், பார்ப்பார், கேள்வி கேட்பார். கை மட்டும் முன்னால் வராது.

நாங்கள் இருவரும் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்ஸிங் பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்தோம். எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமுமான காலம் அது. முதல் வருட மாணவிகளுக்கு நான் படுக்கை விரிப்பதிலிருந்து ஊசி போடுவது வரை சொல்லிக் கொடுப்பேன். அவர் கிராம சுகாதாரப் பாடம் நடத்துவார். நான் உள்ளே, அவர் வெளியே. என் மாணவிகளைக் குழந்தைகள் வார்டில் மேற்பார்வை பார்ப்பதும் என் வேலைதான்.

என் கை சும்மா இருக்காது. மேலப்புதூர் மாதா கோயிலில் பூசைக்குப் போனால்கூட முன் வரிசையில் இருக்கிற குழந்தையின் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டுத்தான் முழங்கால் போடுவேன். எனக்குக் கைராசி என்று வார்டில் பெயர் உண்டு. "அந்த சிஸ்டர் ஊசி போட்டா வலிக்காது, காய்ச்சலும் எறங்கிடும்" என்று தாய்மார்கள் தேடி வருவார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் அவரைச் சீண்டாமல் என்னால் இருக்க முடியாது. "சிஸ்டர், உங்க கைக்கு மட்டும் சம்பளம் கிடையாதா?" என்பேன்.

"அதுங்க நீண்ட லீவுல இருக்குங்க சிஸ்டர்" என்பார். சிரிக்கவும் மாட்டார். மாணவிகள் விடுதியில் பேசிக்கொள்வதும் என் காதில் விழும். மிஸ்ஸை ஆண்டவன் அவசரத்தில் செய்தபோது கைகளை முதுகில் ஒட்டி அனுப்பிவிட்டானாம்.

அவர் வகுப்பு நடக்கும்போது தாழ்வாரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பெண்கள் பாடத்தை ஜபமாலை மாதிரி ஒப்பிப்பார்கள். சுகாதாரம் கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், மக்களும் சேர்ந்து செய்ய வேண்டும், அவர்கள் கைக்கு எட்டுகிற பொருளைக் கொண்டுதான் வைத்தியம் அமைய வேண்டும், இப்படிப் போகும். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா சொன்னே. இப்ப ஒரு வீட்டுக்குப் போற. புள்ளைக்கு வயித்தால போகுது. மொதல்ல என்ன செய்வே?" என்பார்.

"தண்ணி கலக்கிக் குடுப்பேன் மிஸ்."

"நீ போனப்புறம் யாரு கலக்குவா?"

அந்தப் பெண் மறுபடி 'நான்தான் மிஸ்' என்று தொடங்கும். "கைய எடுத்துப் பின்னாடி கட்டு. இப்ப சொல்லு" என்பார். வகுப்பு முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் அறைக்குள் எட்டிப் பார்த்தால் போலீஸ் பிடித்து வைத்த கூட்டம் மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். காலையில் நான் கைக்குப் பழக்கிய வேலையை மத்தியானம் இவர் கட்டிப் போட்டுவிடுகிறாரே என்றிருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சின்ன வயதில் ஏதோ ஒரு கிராமத்தில் தனியாக வேலை பார்த்தாராம். பிரசவமா, புண்ணா, காய்ச்சலா, எல்லாம் அவர் கைதான். ஊரே கொண்டாடியிருக்கிறது. மாற்றல் வந்தபோது பஸ்ஸை மறித்து அழுதார்களாம்.

"நான் இருந்த வரைக்கும் அந்த ஊர்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது சிஸ்டர். என்னை மட்டும்தான் தெரியும்" என்றார். "நான் வந்ததுக்கப்புறம் மழையில ஒரு பிரசவம். தொப்புள்கொடிய எதால அறுக்கணும்னுகூடத் தெரியல. அரிவாளால அறுத்திருக்காங்க. தாய் பொழச்சிக்கிச்சு, புள்ள போயிடுச்சு."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் முறை பலித்தும் பார்த்திருக்கிறேன். லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கைபம்பு உடைந்து மாதக்கணக்காகக் கிடந்தது. சனங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தார்கள். எங்கள் மாணவிகள் 'நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று அழகாகப் படம் எழுதிக் கொண்டுபோய் மாட்டினார்கள். ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "வெறகு நீங்க தருவீங்களா?" என்று கேட்டாள். இவர் படத்தைச் சுருட்டி வேனில் போட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பெண்கள் சேர்ந்து பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனார்கள். இவரும் கூடப் போனார், ஆனால் வாசலிலேயே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். "நான் உள்ள வந்தா ஆபீசர் என்கிட்டத்தான் பேசுவாரு. உங்க தாகம் எனக்குத் தெரியாது, நீங்க பேசுங்க" என்று அனுப்பிவிட்டார். உள்ளே பெரிய கூச்சல். பம்பு சரியானது. அதற்குப் பிறகு அந்த ஊரில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அந்தப் பெண்களே கிளம்பிப் போய்விடுவார்கள். ஆபீசர்தான் பாவம்.

இதையெல்லாம் பார்த்தும் எனக்கு அவரிடம் முழு மனசு ஒட்டவில்லை. அதற்குக் காரணம் அவர் வீட்டில் பார்த்தது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கூட அப்பா மட்டும். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. ஒரு கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுக்க ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போனேன். சிஸ்டர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் ஓட்டைக்கு வரும், நழுவும், மறுபடி வரும். நெற்றியெல்லாம் வியர்வை.

பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன மரமா? போய் எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டேன். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோணிய வாயால், "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். இன்றைக்கும் அந்தச் சூழ்நிலையில் அதைத்தான் செய்வேன்.

அப்போது மகள் வந்தார். பையைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராக வந்து அந்தச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு நோயாளியிடம் அந்தக் கைகள் முன்னால் வந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கழற்றி முடித்துவிட்டு மறுபடி பின்னால் கட்டிக்கொண்டு, "போடுங்கப்பா" என்றார்.

பெரியவர் மறுபடி தொடங்கினார். மகள் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், அதுவும் ஆறிப் போயிற்று. கடைசிப் பொத்தான் மாட்டியபோது அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான் காலையில போனா ராத்திரிதான் வரேன் சிஸ்டர். பகல் முழுக்க அவருக்கு அவர்தான்" என்று மகள் வாசல் வரை வந்து சொன்னார். நியாயம்தான். நியாயத்துக்கு இவ்வளவு குளிர் இருக்குமா என்று நான் நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். அடுத்த வீட்டு மாமி என்னைக் கண்டதும் அருகில் வந்து, "பெருமாளைச் சேவிச்சுட்டு வரச்சே தெனம் பாக்கறேன். தோப்பனார் அப்படித் தவிக்கறார், இவ தூண் மாதிரி நின்னுண்டிருக்கா. பெத்தவருக்கு ஒரு வாய் சாதம் ஊட்டினா கை தேஞ்சா போயிடும்? கல் நெஞ்சு!" என்றாள். அவள் சொன்னதில் பாதி எனக்கும் சரியென்றுதான் பட்டது.

அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு சில வருடங்கள் இருந்தார். துக்கம் கேட்கப் போனபோது, "இன்னிக்குக் காலையிலகூட அவரே சட்டை போட்டுக்கிட்டாரு சிஸ்டர்" என்றார் மகள். பெருமையாகச் சொன்னாரா, அழுகையை அடக்கச் சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை.

பிற்பாடு அவர் எங்கள் பள்ளியை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். இப்போது இருந்தால் எண்பதுக்கு மேல் இருக்கும். அவரை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகமில்லை, அஞ்சலையின் முகம்.

அது கடும் கோடை. லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல். மாணவிகளை அழைத்துப் போக இன்னொரு டியூட்டர் இல்லாததால் நானும் போனேன். இவர் திருவானைக்காவல் முக்கில் நின்று வேனில் ஏறிக்கொண்டார். ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் கோயில் பக்கம் மரத்தடியில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, "உக்காருங்கம்மா, எல்லாரையும் இங்கயே வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"வராதவங்க யாருங்க?" என்று கேட்டார் இவர்.

தலைவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவிலிருந்து யாரும் இந்த மரத்தடிக்கு வர முடியாது என்பது சொல்லாமலே விளங்கியது. இவர் மோரை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து வாய்க்காலைத் தாண்டி நடந்தார். கடைசி வீட்டிலிருந்து தொடங்கினோம். அதுதான் அஞ்சலையின் வீடு.

அஞ்சலை அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தாள். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். வெள்ளைச் சேலைகளைக் கண்டதும் பதறிக் கொல்லைப்பக்கம் ஓடினாள். வாயில் அடக்கியிருந்த வெற்றிலை புகையிலையைத் துப்பிவிட்டு, நன்றாகக் கொப்புளித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெரிய மனிதர்கள் முன்னால் அந்தப் பக்கத்துப் பெண்கள் வாயில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது மரியாதை. ஒன்றரை வயதுக் குழந்தை செல்வி துணிபோல் பாயில் கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது, ஆனால் குடிக்கத் தெம்பு இருந்தது.

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அஞ்சலை, தண்ணி கொதிக்க வச்சு ஆற வை. உப்பு எங்க? கல்லுப்பா? நல்லாப் பொடி பண்ணு. மூணு வெரலால எடு. அவ்வளவுதான், போதும். வெல்லத்தத் தட்டி உள்ளங்கைக் குழி நெறையப் போடு. கலக்கு."

ஒரு மாணவி குனிந்து உதவப் போனாள். "நீ நில்லு" என்றார். அஞ்சலையே கலக்கினாள்.

"இப்ப உன் நாக்குல விட்டுப் பாரு. கண்ணீர் கரிக்குதில்ல, அதுக்கு மேல கரிக்கக் கூடாது. தராசு வேணாம், ஸ்பூன் வேணாம். உன் நாக்குதான் தராசு."

அஞ்சலை ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். "சரியா இருக்குங்கம்மா" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். குழந்தை மடக்கு மடக்கென்று குடித்தது. திரும்பும்போது வேனில் இவர் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். "பாத்தீங்களா சிஸ்டர், அந்தப் பொண்ணு இனிமே யாருக்கும் காத்திருக்காது" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். வாய்க்காலைத் தாண்டும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. சாதாரண அழுகையில்லை. கீச்சென்று, உச்சத்தில், நிற்காமல். அந்த மாதிரி அழுகையை வார்டில் கேட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டு ஓடுவேன்.

அஞ்சலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பித்துப் பிடித்தவள் மாதிரி இருந்தாள். "விடாம குடுத்துக்கிட்டேதாம்மா இருக்கேன். நீங்க சொன்ன மாதிரியே. குடிக்கிறா குடிக்கிறா, தாகம் அடங்க மாட்டேங்குது. நேத்து ராவுலேந்து இப்படி அழுவுறா."

இவர் சட்டியில் இருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். நானும் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர்.

"ருசி பாத்தியா அஞ்சலை?"

"பாத்தேம்மா. ஒவ்வொரு தரமும் பாத்தேன். சப்புன்னே இருந்துச்சு, ஒண்ணுமே கரிக்கல. அதான் கொஞ்சம் கொஞ்சமா இன்னும் போட்டேன்."

பேசும்போது அவள் கன்னத்தில் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இந்த முறை பதற்றத்தில் ஓடிப்போய்த் துப்ப அவளுக்கு நேரமில்லை. இவர் அந்தக் கன்னத்தையே பார்த்தார்.

"வாயில என்ன?" என்றார், மிக மெதுவாக.

"பொகையிலைதாம்மா. வேலைக்குப் போறப்ப வச்சிக்கிட்டா பசி தெரியாதுங்க, அப்படியே பழகிப்போச்சு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் முன்னால் மட்டும் அந்த வாய் காலியாக இருந்திருக்கிறது. நாங்கள் போனதும் புகையிலை திரும்ப ஏறிக்கொண்டது. நாளெல்லாம் புகையிலையும் சுண்ணாம்பும் ஊறி மரத்த நாக்கில் உப்பு எங்கே உறைக்கும்?

குழந்தையின் கை கால் வெட்டி இழுத்தது. நான் யாரையும் கேட்கவில்லை. வாரிக்கொண்டு வேனுக்கு ஓடினேன். அஞ்சலை பின்னால் அலறிக்கொண்டு வந்தாள். கொள்ளிடம் பாலம் அன்றைக்கு ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று தெரியவில்லை. இவர் வேனின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "அவ துப்புனத நான் பாத்தேன் சிஸ்டர். பாத்துட்டு, நமக்குக் குடுக்கற மரியாதைன்னு சந்தோஷப்பட்டேன்."

வார்டில் இருந்த இளம் டாக்டர் நல்லவர்தான், கெட்டிக்காரர்தான், ஆனால் வாய் நீளம். ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோர் முன்னாலும் கத்தினார். "யாரு உப்புத் தண்ணி ஊத்தினது? நீயா? பெத்த புள்ளைய உன் கையாலேயே கொன்னிருப்பியேம்மா!"

"நான்தான் டாக்டர் சொல்லிக் குடுத்தேன். தப்பு என்னோடது" என்று இவர் முன்னால் வந்தார். டாக்டர் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். இவர் சொன்னது அஞ்சலையின் காதில் ஏறவில்லை. டாக்டர் சொன்னது மட்டும் ஏறியது. அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கேன்டீனில் பேசினார்கள். சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு இது வேண்டியதுதான் என்றார்கள். எனக்கு அப்போது அவர்கள் மேல்தான் கோபம் வந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. டிரிப் மெதுவாக, மிக மெதுவாக ஏற்றி, இழுப்பு நின்று, கண் திறந்து, பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தது. வார்டே மூச்சு விட்டது. ஆனால் அஞ்சலை குழந்தையைத் தொடவில்லை. கட்டிலுக்கு எட்டத் தரையில் உட்கார்ந்திருப்பாள். துணி மாற்ற வேண்டுமென்றால் மாணவிகளைக் கூப்பிடுவாள். தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால் என்னைத் தேடுவாள். தாய்ப்பால் மறந்த குழந்தை, அதனால் அதற்குக்கூட அவளிடம் போக வேண்டியிருக்கவில்லை. செல்வி 'ம்மா' என்று கையை நீட்டினால் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

இவர் தினம் வகுப்பு முடிந்ததும் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்காருவார். "உன் கையில தப்பில்ல அஞ்சலை. வாயில பொகையிலை இருந்தா நாக்கு சொல்லாதுன்னு நான்தான் சொல்லல. நான் பண்ணுன தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்.

"நீங்க போயித் தப்பு பண்ணுவீங்களாம்மா?" என்பாள் அவள். "படிச்சவங்க. என் கைதான் ராசியில்லாத கை."

கைராசி என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. என்னை யாராவது அப்படிப் புகழ்ந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வார்த்தையை அஞ்சலை சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தேன்.

வாயால் கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நான் கிண்ணத்தோடு போனேன். இவர் என்னைத் தடுத்தார். "வச்சிட்டு வாங்க சிஸ்டர். யாரும் குடுக்க வேணாம். அஞ்சலை குடுப்பா." கிண்ணமும் கரண்டியும் கட்டில் ஓரத்தில் இருந்தன. இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். செல்வி கிண்ணத்தைப் பார்த்தாள், எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை, அழுதாள். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்துக் கட்டில் தாய்மார்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அஞ்சலை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேணாம்மா, என்னைய விட்டுருங்கம்மா, நீங்களே குடுங்கம்மா" என்று கும்பிட்டாள்.

"நீ ஒரே ஒரு கரண்டி குடு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"செத்துருவாம்மா! என் கையால குடிச்சா செத்துருவா!"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "சிஸ்டர், இது வார்டு. பசிச்ச புள்ளைய அழ வச்சுப் பாடம் நடத்தற எடம் இல்ல. நீங்க குடுக்கலன்னா நான் குடுக்கிறேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. குழந்தையைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்தார். பிறகு அந்தக் கைகள் பிரிந்து முன்னால் வந்தன. கரண்டி கிண்ணத்தில் தட்டித் தட்டி ஓசைப்பட்டது. ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. செல்வி ஆவென்று வாயைத் திறந்து திறந்து குடித்தாள்.

அஞ்சலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தாள். "பாருங்கம்மா, உங்க கைன்னா எப்படிக் குடிக்கிறா! மகராசி கைம்மா உங்களுது!" என்று பக்கத்துக் கட்டில்காரிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

இவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. நான் வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை. கிண்ணம் காலியாகும் வரை ஊட்டினார்.

அதற்குப் பிறகு அவர் பலமுறை அந்த ஊருக்குப் போனார். மற்ற வீடுகளில் முதல் கேள்வியே 'வாயில என்ன' என்பதாக மாறியது. மாணவிகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார். பல வீடுகளில் பெண்கள் சரியாகக் கலக்கவும் செய்தார்கள். அஞ்சலையிடம் மட்டும் நடக்கவில்லை. இவரைக் கண்டதும் குழந்தையைக் கொண்டுவந்து இவர் மடியில் போட்டுவிட்டு எட்டி நின்றுகொள்வாளாம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஓ.பி. வரிசையில் அஞ்சலையைப் பார்த்தேன். லால்குடிக்கு நடந்துவந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மறுபடி பஸ் மாறி வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். தோளில் செல்வி.

"ராவுலேந்து வயித்தால போகுதும்மா" என்றாள்.

நான் ஆள் அனுப்ப, இவரும் வகுப்பிலிருந்து வந்துவிட்டார். அஞ்சலைக்கு இவரைப் பார்த்ததும் பரீட்சையில் நன்றாக எழுதிய பிள்ளையின் முகம்.

"வீட்டுல என்ன குடுத்தே?" என்று கேட்டார்.

"ஐயோ, ஒண்ணுமே குடுக்கலம்மா! வழியெல்லாம் தண்ணி தண்ணின்னு கேட்டு அழுதா. ஒரு சொட்டுகூட நான் குடுக்கல. தொட்டா தப்பாப்போயிடும்னு நேரா உங்ககிட்டயே கொண்டாந்துட்டேன்."

செல்வியின் உதடு வெடித்திருந்தது. தோலைக் கிள்ளினேன், கிள்ளியது அப்படியே நின்றது. அழுகைகூட வரவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். நரம்பு கிடைக்கப் பெரும் பாடாகிவிட்டது. டிரிப் ஏறி, குழந்தை கண்ணை அசைத்த பிறகுதான் வெளியே வந்தேன்.

தாழ்வாரத்துத் தரையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் கை அஞ்சலையின் கையைப் பிடித்திருந்தது. அவள் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பொழச்சிக்குவா சிஸ்டர்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தடவை" என்றார்.

அஞ்சலை எழுந்து, எங்கள் இருவரையும் பார்த்துச் சந்தோஷமாகக் கும்பிட்டாள்.